நாற்பதுக்குக் கீழே

முப்பத்தேழு ஆடும் பட்டிக்குள் நுழைகையில்
ஒன்றைக்கூடத் தப்பவிடாதவன் நான்.
இந்தச் சரிவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டு இரவாக லினேயோவின் மூச்சை எண்ணுகிறேன்.
கைபேசி ஒரு நிமிடம் என்று ஒலிப்பதற்குள்
ஐம்பத்திரண்டு.
குறுகிய வாசலில் முட்டிக்கொண்டு
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வருகின்றன.

"நாற்பதுக்குக் கீழே இறங்கணும்.
விலா உள்வாங்கினால்
இரவென்று பார்க்காமல் தூக்கி வா"
என்றாள் தாதி.
பனி முழங்கால் வரை.
குதிரை அண்ணனிடம்.

மாத்திரையைக் கரண்டியில் கரைத்தேன்.
முதல் வாயை என் போர்வையில் கக்கினாள்.
மறுபடி கரைத்தேன்.
வறட்டி புகைந்தது, வாசலுக்கு வெளியே தள்ளினேன்.
இனி என் வயிற்றுச் சூடுதான் அடுப்பு:
சட்டைக்குள் அவளை விட்டுப் பொத்தானிட்டேன்.

மசேருவில் ஜீன்ஸ் தைப்பவள் அழைத்தாள்.
பிள்ளை பெற்ற நாளிலிருந்து
மாலினேயோ, லினேயோவின் தாய்,
வேறு பெயர் கிடையாது அவளுக்கு.
"எத்தனை?" என்றாள்.
நாற்பத்தாறு.
பேசாமல் இருந்தாள், காசு தீரும்வரை.

விடியும்போது முப்பத்தெட்டு.
நம்பாமல் திரும்ப எண்ணினேன்.
முப்பத்தாறு.
நடுவில் ஒரு கொட்டாவி, அதைச் சேர்க்கவில்லை.

வெளியே ஆடுகள் கத்துகின்றன.
நேற்று மாலை
அவற்றை எண்ணினேனா?