உடும்பின் பக்கம்

நல்பாரிக்கு வடக்கே,
காற்று இந்தப் பக்கம் அடித்தால் மட்டும்
ரயில் சத்தம் கேட்கும் ஊர்.
வீடு வீடாய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பது என் பிழைப்பு.
மிச்சமிருக்கும் வெளிச்சம் குளத்துக்கு.

குவாஹாட்டியில் மூன்றாம் கையாக வாங்கிய கேமரா.
லென்சுக்குள் பூஞ்சை.
எதை எடுத்தாலும் மேல் இடது மூலையில்
ஒரு பொட்டு மங்கல்.
மீன்கொத்திக்கு மேலே அது பகல் நிலா.
தவளைக்கு மேலே வரப்போகிற மழை.
கானாங்கோழி குஞ்சுகளோடு போனபோது
ஆறாவது குஞ்சை அதுவே விழுங்கிவிட்டது.

காண்டாமிருகம் எங்கே என்பார்கள் டீக்கடையில்.
எனக்குக் குருட்டுக்கொக்கு போதும்.
ஏழேகாலுக்கு வரும்,
ஆகாயத்தாமரை ஓரம் கழுத்தைச் சுருக்கி நிற்கும்,
எங்கள் அலுவலகத்துப் பெரிய கணக்கரைப் போல
தூங்குவதாக எல்லாரையும் நம்பவைக்கும்.
கமுகு மரத்தில் ஏறும் வெற்றிலைக் கொடியில்
ஒரு பச்சோந்தி. அதை நாற்பது முறை எடுத்திருக்கிறேன்;
முப்பத்தொன்றில் கொடி மட்டுமே இருக்கிறது.

பிஹு முடிந்த வாரம்
பக்கத்துத் தோட்டத்து ஹேமப்ரபா கலிதாவின்
வாத்துக் கூண்டில் முட்டைகள் குறைந்தன.
மூன்று குறைந்தது, பிறகு நான்கு,
ஒரு விடியலில் வைக்கோல் மட்டும்.
பழி ரிதுபன் மேல் விழுந்தது.
வேன் ரிக்‌ஷாக்காரர் மகன், பதினொரு வயது,
எந்நேரமும் தூண்டிலோடு கரையில் கிடப்பவன்.
போன வருஷம் கொய்யா திருடியது உண்மைதான்.
ஹேமப்ரபா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி.

என் கேமராவிலோ
உடும்பே இருந்தது.

சேம்பிலைகளை விலக்கி ஒரு மண்ணிறக் கழுத்து.
வாய் நிறைய வெள்ளை.
எப்போதும் வெளியே துழாவும் நாக்குக்கு
உள்ளே திரும்ப இடமில்லை.
கண் நேராக என்னைப் பார்க்கிறது,
மீட்டரில் காந்தம் ஒட்டிப் பிடிபட்டவர்கள்
பார்ப்பதைப் போல இல்லை.
கொஞ்சமும் கூச்சமில்லை அதற்கு.

காட்டினால் மூங்கில் கழிகள் கிளம்பும்.
போன முறை ஒன்றின் தோல்
மூன்று நாள் வேலியில் காய்ந்தது.
காட்டாவிட்டால்?
ரிதுபன் கரைக்கு வருவதை நிறுத்தியிருந்தான்.
அவன் புழு டப்பா அங்கேயே நின்றது,
மழைநீர் நிறைந்து, கொசுப்புழுக்கள் நெளிய.
அதையும் எடுத்தேன். நன்றாக வந்தது.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சந்தையில் வாத்து முட்டை கிடைக்கவில்லை.
இருட்டில் முட்டை முட்டைதானே என்று
வேறு ஆறு வாங்கி
நடு இரவில் கூண்டுக்குள் கைவிட்டேன்.
வாத்துகள் ஊரைக் கூட்டின.
நான் மல்லாந்து விழுந்தது சாணத்தில்.

காலையில் ஹேமப்ரபா, "மீட்டர் பார்க்க வா" என்றாள்.
கணக்கெடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.
உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்தாள்.
"என் வாத்துகள் இளநீலத்தில் இடும்.
இது ஆந்திராவிலிருந்து லாரியில் வந்தது.
வழியெல்லாம் குலுங்கி வந்து
என் கூண்டில் ஏன் இறங்கியது?"

படத்தைக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"மூலையில் என்ன?"
"பூஞ்சை."
"துடைக்க முடியாதா?"
"உள்ளே இருக்கிறது."
ம், என்றாள்.
கேமராவைத் திருப்பித் தந்தாள்.

யாரையும் கூப்பிடவில்லை.
கூண்டுக்குக் கம்பிவலை அடித்தாள்.
ரிதுபனிடம் மன்னிப்புக் கேட்டாளா, தெரியாது;
நான்கு நீல முட்டைகள் அவன் வீட்டுக்குப் போயின,
இரண்டு திரும்பி வந்தன.
உடும்பு இப்போது நத்தை தின்கிறது.
படங்களில் அவ்வளவு சந்தோஷமாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கரையில் டப்பாவைக் காணோம்.
அது நின்ற இடத்தில் புல் வெளுத்து ஒரு வட்டம்,
எறும்புகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன.
குனிந்து எடுத்தேன்.
ஒரே படத்தில் இரண்டு மங்கல்கள்.
ஒன்று பச்சையாகிக்கொண்டிருக்கிறது.