முன்பூச்சு

வெங்காயத்தின் மஞ்சள் தோலில்தான் கூடுதல்.
உள்ளே போகப் போக வெளுத்து
நடுவில் வெறும் நீர்.
செடி அதை நமக்காகச் செய்யவில்லை,
வெயிலுக்குப் பயந்து தனக்காகச் செய்தது.
எங்களுக்கு அது சீசாவில் தூளாக வரும்.
குவெர்செட்டின் என்று பெயர் ஒட்டி
உறைபெட்டியின் மூன்றாம் தட்டில் வைப்போம்.

என் வேலை எண்ணுவது.
ஹமில்டனில், நான்காம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில்
எலிமூளைச் சீவல்களைக் கண்ணாடியில் வைத்து
பழுப்புச் சாயம் ஏறிய அணுக்களை
ஒன்று, கிளிக். இரண்டு, கிளிக்.
எந்தக் கண்ணாடி எந்தக் கூண்டினது என்று
எனக்குச் சொல்லக்கூடாது.
குறியீடு லூர்தெசின் இழுப்பறையில் பூட்டியிருக்கும்.
ஆசை விரலை நகர்த்திவிடும் என்று பயம்.
நியாயம்தான்.
அவளுக்கு என் வீடு தெரியும்.

வீட்டில் தவநேசன்
இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு தேநீர் குடிப்பார்.
பத்தொன்பது வருடம் பார்ட்டன் வீதிப் பட்டறையில் இரும்பு ஒட்டினார்:
வேலி, தீப்படிக்கட்டு, பாரவண்டிகளின் அடிச்சட்டம்.
மங்கனீசுப் புகை நாக்கில் இனிக்கும் என்பார்,
காசை நக்கினது போல.
இப்போது சிரிக்க நினைத்தால்
முகம் பிந்தித்தான் வருகிறது.

நஞ்சு உள்ளே என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்டார்.
ஒக்சிசன், என்றேன். நாம் இழுக்கிற அதே காற்றுத்தான்,
அணுவுக்குள் கட்டவிழ்ந்து கண்டதையெல்லாம் கடிக்கும்.
“துரு எண்டு சொல்லன்,” என்றார்.
அதோடு என் விளக்கம் முடிந்தது.

வெங்காயத்துச் சாமான் அதைத் தடுக்குமோ?
எலிக்குத் தடுக்கும்.
எலிக்கு எவ்வளவு குடுக்கிறியள்?
கிலோவுக்கு ஐம்பது மில்லிகிராம்.
மின்கட்டண உறையின் பின்புறத்தில்
பென்சில் நடுங்கி நடுங்கிக் கணக்குப் போட்டது.
எழுபத்திரண்டு கிலோ ஆளுக்கு
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோ வெங்காயம்.
“என்னைக் காப்பாற்றிப் போடும்.
பக்கத்தில படுக்கிற உன்னை ஆர் காப்பாற்றுறது?”

மாசியில் குறியீட்டைத் திறந்தோம்.
வெளியே ஏரி உறைந்து கிடந்தது,
ஆலைப் புகை நிமிர்ந்து நின்றது, காற்றே இல்லை.
நான் மனதுக்குள் செல்லம் வைத்த கண்ணாடிகள்,
மழைக்குப் பிந்திய ஈசல்போல் பழுப்பு மொய்த்தவை,
மூன்றாம் கூட்டத்தினுடையவை.
நஞ்சுக்கு இரண்டு வாரம் முன்னரே தூள் குடித்த எலிகள்.
நான்காம் கூட்டத்துக்கு
நஞ்சு முதலில், தூள் பிறகு.
ஒன்றுமே குடிக்காதவற்றைவிட அதில்
நூற்றுக்கு மூன்று கூட.
மூன்று, என்றேன்.
அது வெறும் இரைச்சல், என்றாள் லூர்தெஸ்,
மெதுவாக, திரையைப் பார்த்தபடி.

அன்றிரவு சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன்.
அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
அந்தக் கைக்கு இன்னும் வசப்படும் வேலை அது,
தோல் தன்பாட்டில் கழரும்.
“ரெட் ஒக்சைட் இருக்கெல்லே,” என்றார், யாரோ கேட்டது போல,
“துருவுக்கு முன்னம் அடிக்கோணும்.
பிறகு அடிச்சால்
வெளியில வடிவா இருக்கும்.”

பச்சைத் தொட்டியின் மூடியைத் திறந்து
சருகுகளைக் கைநிறைய அள்ளினேன்,
எதற்கென்று தெரியாமல்.
குசினி விளக்கில் அவை செம்புத் தகடுகள்.
“மூண்டெண்டாலும் மூண்டுதானே.”
நான் சொல்லவேயில்லை.
நித்திரையில் எண்ணுகிறேனாம்.

அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.
கொதிக்கும் வரைக்கும்
அவருடைய கத்தி பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.
நான் எண்ணவில்லை.