உடன் வருகிறாரா

இபாடானில் மின்சாரம் போய் நாலு மணி நேரம்.
போனில் பன்னிரண்டு சதவீதம்.
எனக்கு முப்பத்து மூன்று ஆகப்
பன்னிரண்டு நாள்.

முதல் வகுப்பிலிருந்து
என்னைத் திட்டிய ஆங்கிலம்
எனக்குத் தெரியும் என்று நிரூபிக்க
இரண்டு மாதச் சம்பளம் கட்டினேன்.
போக விரும்பும் ஓர் இடத்தை விவரிக்கச் சொன்னாள்
தேர்வாளர்.
பார்த்தே இராத ஏரி ஒன்றை,
அதன் பனியை, வாத்துகளைச் சொன்னேன்.
ஏழரை போட்டாள்.

ஆய்வகத்தில் ஒன்பது வருடம் ரத்தம் பார்த்திருக்கிறேன்.
மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது
கனடாவின் கணக்குக்கு.
அம்மாவோடு சண்டை போடும் யொரூபாவுக்குக்
கட்டமே இல்லை.

கொல்லையில் அகின்லாபி
டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி
பக்கத்து வீட்டு ஜெனரேட்டரின் வயிற்றுக்குள்.
எந்தத் திருகு தளர்ந்ததென்று
தொட்டே சொல்வான்.
சான்றிதழ்?
பள்ளி இறுதி. அதற்கு இரண்டு மதிப்பெண்.

அவனோடு நானூற்று முப்பத்திரண்டு.
துணைவர் உடன் வருகிறாரா என்ற கேள்வியில்
'இல்லை'யைத் தொட்டேன், சும்மா, பார்ப்பதற்கு.
நானூற்று ஐம்பத்தாறு.
போன சுற்றில் கதவு திறந்தது
ஐம்பத்தொன்றுக்கு.

பிறந்தநாள் விடிந்தால் நானூற்று ஐம்பது.
ஒன்று குறையும். ஒன்றே ஒன்று.
அட்டவணையை மறுபடி பார்த்தேன்:
துணையோடு ஒரு வயது கூட
ஐந்து மதிப்பெண் போகும்,
தனியே என்றால் ஆறு.
இதை எழுதியவனுக்கு
என்னவோ தெரிந்திருக்கிறது.

'ஆம்' என்று மாற்றிவிட்டு,
போனை மேசையில் வைத்து,
அமலா கிளற உள்ளே போனேன்.
ஜெனரேட்டர் இருமியது, பிறகு பிடித்தது.
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்து
எங்கள் சுவரிலும் கொஞ்சம் விழுந்தது.

திரும்பி வந்தால்
கண்ணாடியில் கறுப்பாய் ஒரு கட்டைவிரல் ரேகை,
'இல்லை'யின் மேல்.
அவன் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தான்,
தேவைக்கு அதிகமாகவே சோப்புப் போட்டு.
"மீன் இருக்கிறதா?" என்றான்.
"இருக்கிறது" என்றேன்.

புடவைத் துணிபோல் இடுப்பில் சுற்றியிருந்த
ரேப்பரின் நுனியால் கிரீஸைத் துடைத்தேன்.
துடைத்த அழுத்தத்தில் பொத்தான் நகர்ந்து
'ஆம்' ஆகிவிட்டது.

திருத்தவில்லை.
சமர்ப்பிக்கவும் இல்லை.
நாலு சதவீதம்.
தெரு முழுக்கப் பிள்ளைகள்
"அப் நெப்பா!" என்று கத்தினார்கள்.
கரண்ட் வந்துவிட்டது.
சார்ஜரைத் தேட வேண்டும்.