ஒரு சதுர மீட்டர்

நாலு பிவிசி குழாய், நாலு எல்போ.
சட்டத்தைப் புல்லின்மேல் போட்டுவிட்டு
உள்ளே இருப்பதை எண்ண வேண்டும்.
ஞாயிறுதோறும் இதுதான்.
சம்பளமில்லை, ஒரு தொப்பி தந்தார்கள்.

எலஹங்கா தாண்டி
விமானங்கள் வயிறு காட்டி இறங்கும் பாதையில்
தண்ணீர் வர மறந்த ஏரியின் மேட்டில்
முந்நூறு ஏக்கர்.
பழைய பதிவேட்டில் கோமாளம்.
போன வருஷத்திலிருந்து காப்பகம்.
மேய்ச்சல் புறம்போக்கு என்று
வீட்டில் தமிழில் சொன்னேன்.
"அது திட்டுற வார்த்தைல்லப்பா?" என்றாள் மகள்.

ஹொன்னம்மாவுக்குப் பதினொரு உருப்படி.
காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்கம்;
அவள் கூப்பிடுவது கொம்பின் கோணலைப் பார்த்து.
எங்கள் அடுக்ககத்தில் பதினாறு வீட்டுக்கு அவள் பால்.
எங்களுக்கு முக்கால் லிட்டர்,
கணக்கு காலண்டரில்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான்.
மார்ச் மாதம். வானம்பாடிக் கூடு. மூன்று முட்டை.
ஒன்று நசுங்கி மண்ணோடு ஒட்டியிருந்தது,
பக்கத்திலேயே இரட்டைக் குளம்பு.
குழுவில் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்
என்று சொல்லிக்கொள்கிறேன்.

படம் மனுவாயிற்று. மனு கூட்டமாயிற்று.
கால்நடை மருத்துவமனைக் கொட்டகையில்
ரேஞ்சர் சித்தலிங்கப்பா வரைபடம் விரித்து
காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கொரு
தடுப்பூசிப் பெட்டி வைத்தார்.
தன்வி ஷெனாய் இருபது நிமிஷம் பேசினாள்,
ஒவ்வொரு புல்லுக்கும் லத்தீன் பெயர் சொல்லி.
ஹொன்னம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்:
"நீங்க எண்ணினதுல
என் மாடு தின்ன புல்லும் சேர்த்தியா?"
யாரோ சிரித்தார்கள்.
குறிப்பேட்டில் அது ஏறவில்லை.
சனிக்கிழமைகளில் ஜீப்பைச் சுழற்றிச் சுழற்றிப்
புல்லை உழுகிறவர்கள் பற்றியும்
ஏறவில்லை.

கம்பி வந்தது. அகழி வந்தது.
தாண்டிய மாடு பவுண்டுக்குப் போனது;
மீட்கப் பணம், அங்கே தின்ற வைக்கோலுக்குத் தனிப் பணம்.
காலண்டரில் ஒருநாள்
கணக்கு நின்றுபோனது.
நாங்கள் பாக்கெட்டுக்கு மாறினோம்.
காப்பி அப்படியொன்றும் மோசமில்லை.

இரண்டு மழை கழிந்து
புல் இடுப்பளவு.
தன் பாரத்தில் தானே சாய்ந்து
வைக்கோலாகி மக்கி, ஓரமெல்லாம் உண்ணிச்செடி.
சட்டம் தரையில் படியவில்லை,
மெத்தைமேல் வைத்ததுபோல் ஆடிற்று.
வானம்பாடி முதல் வருஷம் முப்பத்தொன்று.
பிறகு பன்னிரண்டு. இப்போது நான்கு,
அதிலும் ஒன்று சந்தேகம்.

பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அந்தக் கூடு இருந்ததே
காய்ந்துபோன ஒரு குளம்படிக் குழிக்குள்.
அன்றைக்கும் அது தெரியும்.
எழுதத் தோன்றவில்லை.

தன்வி நேர்மையானவள்.
"நம்ம கணக்கு தப்பு" என்று எல்லார் முன்னும் சொன்னாள்.
சோதனை மேய்ச்சல், நான்கு மாதம்,
அனுமதிச் சீட்டுடன் பத்து மாடு என்று
திட்டம் எழுதி எடுத்துக்கொண்டு போனோம்.
ஹொன்னம்மாவிடம் இருந்தது நாலு.
மற்றதை விற்று மகன் ஆட்டோ எடுத்திருந்தான்.
அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"மேஞ்சா அபராதம் வாங்கினீங்க.
இப்ப மேயச் சொல்றீங்க.
என் மாட்டுக்குக் கூலி எவ்வளவு?"
மாட்டுக்குக் கூலி தர விதியில்லை என்றார் ரேஞ்சர்.
கேட்டு எழுதியிருக்கிறார்.
கோப்பு எங்கோ மாடியேறிக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிறு நான் உள்ளே,
அவள் கம்பிக்கு வெளியே, நாலு மாடும்.
கோணக்கொம்பு ஒன்று கம்பிகளுக்கு நடுவில் நாக்கை நீட்டி
எட்டாத கதிரைத் தடவிக்கொண்டிருந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவளுக்குக் காரணம் உண்டு.

தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.
கீழ்க்கம்பியை மிதித்து
மேல்கம்பியைத் தூக்கிப் பிடித்தேன்.
முள் உள்ளங்கையில் ஏறிற்று.
தலை உள்ளே வந்தது.
மேயும் சத்தம், ஈரத்துணி கிழிகிற மாதிரி.

ஒரு சதுர மீட்டர் இருக்கும்.
படிவத்தில் அதற்குப் பத்தியில்லை.