உப்பு போடும் முன்

ஆரஞ்சு நிறத்தில் ஒரு மாதம்,
பச்சை நிறத்தில் ஒரு மாதம்,
பிறகு எல்லாம் கலந்து சேற்று நிறம்.
இப்போது மிக்ஸியின் இரைச்சல் கேட்டாலே
மில்லராய் வாயை இறுக்கிக்கொள்கிறாள்,
ஓடு மூடிய சிப்பி போல.
சிப்பிகளை எனக்குத் தெரியும்.
பகல் முழுக்கக் கயிற்றிலிருந்து அவற்றை
உருவிப் போடுவதுதான் என் வேலை.
திறக்காத சிப்பியிடம் கெஞ்சிப் பயனில்லை.

"ஒன்பது மாதம் ஆயிற்றே" என்றாள்
சுகாதார நிலையத்து ஓர்ஃபெலினா,
எடை எந்திரத்தின் முள்ளைத் தட்டிக்கொண்டே.
"இனி வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே கொடு.
இரண்டு விரலுக்கு நடுவில் நசுங்க வேண்டும், அவ்வளவுதான்.
உப்பு போடும் முன் அவள் பங்கை எடுத்து வை."

தலையாட்டினேன்.
படகில் எதுவீனோ சிரித்தான்,
அவன் மகன் அந்த வயதில் எலும்பையே கடித்தானாம்.
அவன் சொல்லும் மீன்களின் நீளமும் அப்படித்தான்.
பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது:
வீட்டில் எல்லாரும் என்ன சாப்பிடுகிறோம்?

யஸ்னாவுக்கு இரவு ஷிஃப்ட்,
சால்மன் தொழிற்சாலையில் முள் பிடுங்கும் வரிசை.
அவள் உள்ளே வரும்போது
நான் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருப்பேன்.
அவள் சாப்பிடுவது பஸ்ஸில், மடியில் வைத்து, ஒரு ரொட்டி.
நான் சாப்பிடுவது அடுப்போரம், நின்றபடி, சட்டியிலிருந்தே.
மேசை மேல் ஈரத் துணி, சார்ஜர்,
மின்கட்டணச் சீட்டு,
ஜூன் மாதத்திலிருந்து நாங்கள் பேசாமல் விட்ட சில விஷயங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேசையைக் காலி செய்தேன்.
"யாராவது வருகிறார்களா?" என்றாள் யஸ்னா.
"ஆமாம்" என்றேன்.

வெளியே மழை.
சிலோயே தீவில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் சொல்வார்கள்.
விறகடுப்பில் உருளைக்கிழங்கு வெந்தது.
நீண்டு கறுத்தது ஒன்று,
வெட்டினால் ஊதா வளையம் தெரிவது ஒன்று,
பெயர் தெரியாத சிவப்பு ஒன்று.
யஸ்னா மீனை உதிர்த்தாள்.
இரவெல்லாம் ஆயிரம் முள் எடுத்த விரல்கள்
இந்த ஒரு துண்டை மட்டும்
விளக்கின் கீழ் திருப்பித் திருப்பித் தடவின.
உப்பு டப்பாவைத் தொடும் முன்
தனியே ஒரு தட்டு.

மில்லராய் ஊதாக் கிழங்கைப் பார்த்தாள்.
ஐந்து விரலாலும் பிடித்தாள்.
பாதி காதில், கொஞ்சம் புருவத்தில்,
கடுகளவு வாயில்.
பிறகு ஒரு பெரிய கவளம்.

முகம் சிவந்தது. நாக்கு வெளியே தள்ளியது.
கண்ணில் நீர், தொண்டையில் ஓக்காளம்.
நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.
"உட்கார்" என்றாள் யஸ்னா.
ஓர்ஃபெலினா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்:
சத்தம் இருக்கும்வரை அவளே சமாளிப்பாள்,
சத்தமில்லாமல் போனால்தான் பாய வேண்டும்.
தெரிந்தும் தொடை நடுங்கியது.
ஒரு இருமல். இன்னொன்று.
ஊதாக் கட்டி மேசைமேல் வந்து விழுந்தது.
அதை உற்றுப் பார்த்தாள்,
தொலைத்த பொத்தானைக் கண்டெடுத்தவள் மாதிரி.
எடுத்தாள். மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள்.

சத்தமில்லாமல் போனால்தான்.

யஸ்னாவும் அதையேதான் நினைத்தாளோ என்னவோ,
"ஜூன் மாதம் நீ சொன்னாயே" என்று தொடங்கினாள்,
முள் ஒன்றைத் தட்டோரம் ஒதுக்கியபடி.
அவள் குரல் உயர்ந்தது. என்னுடையதும்.
நல்ல சண்டை.
நடுநடுவே ரொட்டியைப் பிய்த்து
ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டோம்.
மில்லராய் இன்னும் வேண்டுமென்று
கரண்டியால் மேசையை அறைந்தாள்.

கடைசிக் கவளத்தில்தான் கவனித்தேன்,
எங்கள் தட்டிலும் உப்பு விழவில்லை.

மிக்ஸி அலமாரி உச்சிக்கு ஏறியது.
செவ்வாய்க்கிழமையே அவள் கிழங்கைத் தட்டிவிட்டு
பூசணிக் கூழ் கேட்டு அழுதாள்.
இறக்கினேன், வேறென்ன செய்ய.
ஈரத் துணியை மட்டும்
கதவில் காயப் போட்டேன்.