ஏழாவது பிரவுன்

புல் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பச்சை பார்க்க வந்தவர்கள்
காரைத் திருப்பிக்கொண்டு போகலாம்.

காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற சாலையில்
வேலிகாத்தான் முள் முடிகிற இடம்
கல்லேரிமேட்டு கோல்ஃப் மைதானம்.
ஒன்பது குழி, எண்ணாத பாறை, ஒரு புங்கமரம்.
மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் பசும்புல் வட்டம்,
கிரீன் என்பார்கள்.
இங்கே மணல்.
காற்று அள்ளிப் போகாதிருக்க
எஞ்சினில் எரிந்து கறுத்த எண்ணெயை ஊற்றிப் பிசைந்தது.
இதற்குப் பெயர் பிரவுன்.
ஏழாவது பிரவுன் என் பொறுப்பு.

ஹாலிக் என்றொரு ரயில்வே எஞ்சினியர்
தண்ணீர் வராத ஆற்றுக்குப் பாலம் கட்ட வந்தானாம்.
கட்டி முடித்தும் ஆறு வரவில்லை.
பொழுது போகாமல்
கெட்டிப்பால் டப்பாவை மண்ணில் புதைத்து
அதில் ஒரு பந்தைத் தள்ளினானாம்.
துரு தின்றது போக மிச்ச டப்பா
கிளப் அலமாரியில் இருக்கிறது, பூட்டுப் போட்டு.
எண்ணெய் அப்போது லோகோ ஷெட்டிலிருந்து பீப்பாயில் வந்தது.
கரி வண்டி போய், டீசல் போய்,
மின்சார வண்டி வந்ததும் அதுவும் நின்றது.
இப்போது லாரி மெக்கானிக் ஷபீருல்லா
மாதம் இரண்டு டின் தருகிறார்,
ஒன்றுக்குத்தான் காசு வாங்குகிறார்.

மாநிலம் பிரித்தபோது
சங்கிலி பிடித்து வந்த சர்வேயர்
வெயிலுக்குப் பயந்து நேராக நடந்தார்.
ஏழாவது ஆட்டப்பாதையின் நட்டநடுவே
எல்லைக் கல் விழுந்தது.
அடிக்கிற மேடு தமிழ்நாடு,
விழுகிற குழி ஆந்திரா.
செக்போஸ்டில் வெங்காய லாரி விடிய விடிய நிற்க,
பந்து பர்மிட் இல்லாமல் பறக்கிறது.
சம்பளப் புத்தகத்தில் நான் முனியம்மா,
ரேஷன் கார்டில் முனெம்மா.
கூப்பிட்டால் இரண்டுக்கும் திரும்புவேன்,
சாக்கு இழுக்கும்போது எதற்கும் இல்லை.

ஏன் வருகிறார்கள்?
பெங்களூரில் மெத்தை மாதிரி மைதானங்கள் இருக்கின்றனவாம்.
இருக்கட்டும்.
இங்கே காய்ந்த தரை பந்தை வாங்கிக்கொள்ளாது.
விழுந்தது ஒருமுறை டணார் என்று எழும்பி
இன்னும் அவ்வளவு தூரம் ஓடும்.
தொந்தி போட்ட தோல் ஷாப் முதலாளிகூட
இங்கே ஒரு நாள் இளவட்டம்.
ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும்.
அப்புறம் பாறை பேச ஆரம்பிக்கும்,
யாரும் பதில் சொல்ல முடியாது.

போன மாசிப் போட்டியில்
பல்லாள் சாரின் பந்து
எல்லைக் கல்லில் முதுகு சாய்த்து நின்றது.
சுற்றி வந்து பார்த்தார், முட்டி போட்டுப் பார்த்தார்,
விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
'கல்லைக் கொஞ்சம் நகர்த்த முடியாதா?'

'நகர்த்தலாம் சார்.
பந்தை நகர்த்தினால் ஒரு அடி போகும்,
கல்லை நகர்த்தினால் இரண்டு கலெக்டர் வருவார்கள்.'

அவர் சிரிக்கவில்லை.
பந்தை எடுத்துத் தள்ளி வைத்தார்.
அந்த ஒரு அடியில்தான் கோப்பை போயிற்று,
ஆம்பூருக்கு.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும்
ஈரச் சாக்கை வட்டம் வட்டமாக இழுப்பேன்.
வெற்றிக்காரன் பூட்ஸும் தோற்றவன் பூட்ஸும்
ஒரே இழுப்பில் போகும்.
விடிந்து வந்தால்
கௌதாரி கோலம் போட்டிருக்கும்,
ஆடு குறுக்கே போயிருக்கும்.
அதையும் அழிக்க வேண்டும், அதுதான் வேலை.

நேற்று ராத்திரி தூறல், பெயருக்கு.
காலையில் ஒரு நரித்தடம்
கல்லின் அந்தப் பக்கமிருந்தா இந்தப் பக்கமிருந்தா தெரியவில்லை,
நேராகக் குழி வரை வந்திருந்தது.
அங்கே நான்கு காலும் அழுந்த நின்றிருந்தது.
குனிந்து பார்த்தேன்.
குழிக்குள் இரண்டு மிடறு தண்ணீர்,
எண்ணெய் மினுங்காத சுத்தத் தண்ணீர்,
பாதி குடித்து மீதி.

கொடியை அந்தக் குழியில்தான் ஊன்ற வேண்டும்.
முதல் செட் ஆட்கள் மேட்டிலிருந்து கையை ஆட்டிக் கத்தினார்கள்.
கொடி எங்கே, கொடி எங்கே.
காதில் விழாத மாதிரி
சாக்கை உதறிக்கொண்டிருந்தேன்.