நிறுவை

பரந்தன் நெற்களஞ்சியத் தராசில்
கடைசி மூட்டை இறங்கின பிறகு
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவேன்.
எண்பத்தொன்பது.
ஐந்து மாதமாய் அதே எண்பத்தொன்பது.

ஒரே நாள், ஒரே கத்தி, அடுத்தடுத்த வாட்டு.
முருங்கன் மடுத்தீனுக்கு நாற்பத்தாறு கிலோ போயிற்று,
எனக்கு இருபத்தேழு.
அவருக்குச் சீனி வருத்தமில்லை, வயது முப்பத்திரண்டு,
மனுசி கிண்ணத்தில் அளந்து கொடுக்கிறா.
எனக்கு நானே அளக்கிறேன்.
அளக்கிறவளுக்குக் கள்ளமும் தெரியும்.

கிளினிக்கில் ஒரு தாள்.
நித்திரை? அறுவடைக்கு நாலு மணித்தியாலம்.
இனிப்பு? லொறிக்காரர் வாங்கித் தரும் சோடா.
நடை?
வாய்க்கால் கட்டில் நடந்தேன்,
மாசியில் யானை இறங்கிற்று, விட்டேன்.

"மென்று விழுங்க இருபது நிமிடம் எடுங்கோ,
ஏன் இவ்வளவு அவசரம்?"
கேட்டது இளம்பிள்ளை.
மாத்தளனில் பழகினது என்றேன்.
தாளில் அதற்குக் கோடு இல்லை.
ஓரத்தில் சிறிதாய் எழுதினா.

வயிற்றை வெட்டிச் சுருக்கினார்கள்.
கைக்கு யாரும் அறிவிக்கவில்லை.
வாயிலிருப்பது இறங்க முன்
அது அடுத்த பிடிக்குப் போய்விடுகிறது.

ஈர நெல்லென்றால் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்போம்.
எனக்கும் ஒருநாள் கழித்துப் பார்த்தேன்.
"அக்கா, காய வைச்சுக் கொண்டு வாங்கோ"
என்றான் மூட்டை தூக்கும் சிவநேசன்.
சிரித்தேன், தையல் இழுத்தது.

இரவு அரைக் கோப்பைக் கஞ்சி.
ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைத்து
மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.
ஏழாவது நிமிடம்.
கோப்பை வெறுமை.
கை இன்னும் கரண்டியில்.